கம்பத்தில் ஆடும் கலையும் அதன் சிருங்காரமும்

‘போல் டான்ஸ்’ என்றதுமே நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். மேல்நாட்டு மதுக்கூடத்தில் அரைகுறை உடையில் ஆடுவது, அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது. ஆனால் இன்று மும்பை, டில்லி, பெங்களூரில் படித்த பெண்கள் பணம் கட்டி இதைக் கற்கிறார்கள். நம் வீட்டுப் பெண்ணே “சேரட்டுமா அப்பா?” என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்வதானாலும் விஷயம் தெரிந்து சொல்ல வேண்டாமா?

முதலில் உடை. கம்பம் பெரும்பாலும் 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள வழவழப்பான உலோகக் குழாய். அதில் துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும். தொடை, முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு இவற்றின் தோலே ஆடுபவரைத் தாங்குகிறது. அதனால்தான் குட்டை உடை. வகுப்புக்கு முன் உடம்பில் எண்ணெயோ கிரீமோ பூசக்கூடாது. தொடக்கத்தில் தொடையெல்லாம் கன்றிப் போகும். பித்தளைக் கம்பத்தில் பிடிப்பு அதிகம், குரோம் பூசியதில் குறைவு என்பார்கள். நாற்பது வருஷம் பாத்திரக்கடை நடத்தியவனுக்கு இதில் ஆச்சரியமில்லை.

சீன சர்க்கஸ்காரர்களின் கம்பத்தில் ரப்பர் சுற்றியிருக்கும். அது தோலை உரித்துவிடும், துணியைப் பிடிக்கும். எனவே அவர்கள் கால்சட்டையும் ஷூவும் போட்டுத்தான் ஏறுவார்கள். நம் மல்லர் கம்பமோ மரம், விளக்கெண்ணெய் தடவுவார்கள். மறுபடியும் வெற்றுடம்புதான், ஆண்களுக்கு லங்கோடு. தாதர் சிவாஜி பூங்காவில் சமர்த்த வியாயாம மந்திரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை!

அப்படியானால் போல் டான்ஸில் சிருங்காரமே இல்லையா? இருக்கிறது, மறைக்கக்கூடாது. உயரமான குதிகால் செருப்புக்கு எந்தப் பௌதிகக் காரணமும் கிடையாது. அதுவும், தரையில் மெல்லப் புரளும் அசைவுகளும் மதுக்கூடங்களில் கூலிக்கு ஆடிய பெண்கள் தந்தவை. 1990-களில் கனடாவில் இது உடற்பயிற்சியாகக் கற்பிக்கப்பட்டது. பிறகு போட்டி விளையாட்டானது. 2017-ல் சர்வதேச விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு இதற்குப் பார்வையாளர் தகுதி அளித்தது. விளையாட்டாக்க முனைந்தவர்கள் சிருங்காரத்தைக் கழற்றி வைத்தார்கள். “நாங்கள் அந்தப் பெண்களைப் போல அல்ல” என்ற பேச்சும் கிளம்பியது. கலையை எடுத்துக்கொண்டு, அதை உண்டாக்கியவர்களை வாசலில் நிறுத்துவது!

இந்தக் கதை நமக்குப் புதிதா? சதிர் பரதநாட்டியமானபோது நடந்ததும் இதுதானே. 1936-ல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி சிருங்காரத்தை அடக்கி, பக்தியை முன்னே வைத்தார். இசைவேளாளர் குடியில் வந்த பாலசரஸ்வதி அம்மையார் சிருங்காரமே தலையானது, அதைச் சுத்தப்படுத்த வேண்டியதில்லை என்று கடைசிவரை வாதாடினார். என் மனம் பாலாம்மா பக்கம்தான்.

ஏனென்றால் சிருங்காரம் தோலில் இல்லை, காலப்பிரமாணத்தில் இருக்கிறது. தலைகீழாகத் தொங்கிச் சரேலென்று இறங்குவது எளிது. அதையே நான்கு மாத்திரை இழுத்து, மூச்சு வாங்காமல், முகத்தில் பாரம் தெரியாமல் இறங்குவதுதான் கஷ்டம். சுழலும் கம்பத்தில் கைகாலை ஒடுக்கினால் வேகம் கூடும், விரித்தால் குறையும். தேர்ந்தவர் இதை வைத்தே தாளம் பேசுவார். கண்ணுக்கு இதமாகத் தெரிவதற்கு அடியில் வயிற்றுத் தசையின் உழைப்பு இருக்கிறது.

எங்கள் ஆதிபுராணத்தில் ஒரு கட்டம் உண்டு. ரிஷபதேவர் சபையில் நீலாஞ்சனை ஆடுகிறாள். ஆட்டத்தின் நடுவே அவள் ஆயுள் முடிகிறது. ரசம் கெடாதபடி இந்திரன் நொடியில் வேறொருத்தியை நிறுத்துகிறான். சபையில் ஒருவரும் கவனிக்கவில்லை. ரிஷபர் மட்டும் கவனித்தார், துறவு பூண்டார். மதுராவில் கிடைத்த பழஞ்சிற்பத்தில் இந்தக் காட்சி இருக்கிறது. லக்னோ அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பெண்ணின் ஆட்டத்தைக் கண் கொட்டாமல் பார்த்தது அவருக்குக் குற்றமாகச் சொல்லப்படவில்லை.

பெண்ணைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் உடையைப் பற்றி விசாரிக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். கம்பம் தரையிலும் கூரையிலும் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா? அடியில் கனமான மெத்தை போடுகிறார்களா? தோளும் வயிறும் வலுப்படும் முன்பே தலைகீழாகத் தொங்க விடுகிறார்களா?