கைவில்லும் குறுக்குவில்லும்: வேட்டைக் கருவி பற்றிய ஒரு வழக்கு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வில்லால் மான் வேட்டையாடுவோருக்கென 1934ஆம் ஆண்டு தனிப் பருவம் ஒன்று ஒதுக்கப்பட்டது. அந்நாட்டில் இத்தகைய ஏற்பாடு அதுவே முதலாவதாகும். பிற மாநிலங்களும் பின்னர் அவ்வழியில் சென்றன. துப்பாக்கிக்குச் சில நாள்களே தரப்படும் இடங்களில் வில்லுக்குப் பல வாரங்கள் தரப்படுகின்றன. வில்லேந்தி எய்வது கடினம். அதனால் வீழ்வனவும் சிலவே என்பது இச்சலுகையின் அடிப்படை. 2014இல் அதே மாநிலம் குறுக்குவில்லுக்கும் ஏறத்தாழ அதே நாள்களைத் திறந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் குறுக்குவில்லால் வீழ்த்தப்பட்ட மான்களின் தொகை கைவில்லின் தொகையைத் தாண்டிற்று. 'இது வில்லா, வில்லின் பெயரைச் சூடிய துப்பாக்கியா?' என்னும் பூசல் அங்கே இன்றளவும் ஓயவில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் வேட்டை என்பது ஏட்டளவான பேச்சே. ஆயினும் இவ்வழக்கை நாம் இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய இதே வழக்கை நம் முன்னோர்களான அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விசாரித்திருக்கின்றனர்.

முதலில் கருவியைப் பார்ப்போம். குறுக்குவில் என்பது ஒரு கட்டையின் தலைப்பில் குறுக்காகப் பொருத்தப்பட்ட வில். நாணை இழுத்து ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால் அது அப்படியே நிற்கும்; விசையை அழுத்தினால் அம்பு பாயும். வேட்டைக்குரிய கைவில்லை இழுக்க 50 முதல் 70 பவுண்டு வலு வேண்டுமெனில், குறுக்குவில்லுக்கு 150 முதல் 200 பவுண்டு வரை வேண்டியிருக்கும். இந்த எண்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை. கைவில்லின் நாண் நெடுந்தொலைவு அம்பைத் தள்ளுகிறது. குறுக்குவில்லின் நாணுக்கு அவ்வளவு ஓட்டம் இல்லை. எனவே அம்பு பெறும் ஆற்றலில் உள்ள வேறுபாடு, பவுண்டுக் கணக்கு காட்டுமளவு பெரியதன்று.

உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. கைவில்லாளன் மான் இருபது முப்பது கெஜ எட்டில் நிற்கும்போதுதான் நாணை இழுத்தாக வேண்டும். அந்த அசைவைக் கண்டே பாதி மான்கள் ஓடிவிடும் என்பர். குறுக்குவில்லாளனோ விடியற்காலையிலேயே நாணை ஏற்றி வைத்துவிட்டு விரலை மட்டும் அசைக்கிறான். கைவில் பல மாதப் பயிற்சியைக் கேட்கும். குறுக்குவில் சில நாள்களில் வசப்படும்.

எதிர்ப்போரின் வாதம் இதுவே. சாக்ஸ்டன் போப், ஆர்தர் யங் ஆகிய வில்லாளர்களின் பெயரால் 1961இல் அமைந்த 'போப் அண்ட் யங்' கழகம், குறுக்குவில்லால் வீழ்ந்த விலங்கைத் தன் பதிவேட்டில் ஏற்பதில்லை. ஆதரிப்போரோ, தோள் தளர்ந்த முதியோரையும் உடல் ஊனமுற்றோரையும் சுட்டிக் காட்டுகின்றனர். இதில் நகைப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. மரபின் பெயரால் வாதிடுவோரில் பலர் கையில் வைத்திருப்பது, ஹோலஸ் ஆலன் என்பவர் 1969இல் காப்புரிமை பெற்ற கப்பி வில். முழுதும் இழுத்த நிலையில் அதன் பளுவில் பெரும்பகுதியைக் கப்பிகளே தாங்கிக்கொள்கின்றன. அதுவும் வந்த புதிதில் இதே வசையைக் கேட்ட கருவிதான்.

இனி நம் நூல்களுக்கு வருவோம். அரபு வில்லை ஏந்தியிருந்த நபி (ஸல்) அவர்கள், ஒருவர் கையில் பாரசீக வில்லைக் கண்டு அதை எறியுமாறு பணித்ததாக அலீ (ரலி) அவர்கள் வழியாக ஓர் அறிவிப்பு இப்னு மாஜாவில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. ஹன்பலி அறிஞர்களில் அபூபக்ர் என்பார் பாரசீக வில்லை வெறுக்கத்தக்கது என்றார். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் கூற்றிலிருந்து வெளிப்படுவதோ அதில் குற்றமில்லை என்பதே. ஹிஜ்ரி 620இல் மறைந்த இப்னு குதாமா (ரஹ்) தம் 'அல்முஃக்னீ'யில் இதை விளக்குகிறார்: அன்று அவ்வில்லை ஏந்தியோர் இஸ்லாத்தை ஏற்காத பாரசீகர்கள், கண்டனம் அந்நிலையைப் பற்றியது, அதன்பின் பெரும்பாலான காலங்களில் அதை ஏந்துவதும் எய்வதும் ஆகுமென்றே ஏற்கப்பட்டு வந்துள்ளது. கருவியின் பிறப்பிடத்தை அவர் பார்க்கவில்லை. கண்டனத்தின் காரணத்தைப் பார்த்தார். காரணம் நீங்கின் சட்டமும் நீங்கும் என்பது ஃபிக்ஹு மாணவன் தொடக்கத்திலேயே படிக்கும் விதி.

குறுக்குவில்லும் நம்மவர்க்குப் புதிதன்று. சுல்தான் ஸலாஹுத்தீனுக்காகப் போர்க்கருவிகள் பற்றி நூல் எழுதிய தர்ஸூஸீ, காலால் மிதித்து ஏற்றும் வில்லை விவரித்துள்ளார். ஹிஜ்ரி 751இல் மறைந்த இப்னுல் கையிம் (ரஹ்) தம் 'அல்ஃபுரூஸிய்யா'வில் வில்லைக் கைவில், கால்வில் என இரண்டாகப் பிரித்து, இரு தரப்பாரும் தத்தம் வில்லே மேல் என்று வாதிடுவதை எடுத்துரைக்கிறார். அவர் தீர்ப்பு ஒரு தரப்புக்கு மாலை சூட்டவில்லை. குதிரை வீரர் பொருதும் வெளியில் கைவில்லும், கோட்டை முற்றுகையில் கால்வில்லும் பயன் மிக்கவை என்று இடத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார். 1139இல் ரோமில் கூடிய லாத்தரன் கிறிஸ்தவப் பேரவை, கிறிஸ்தவருக்கு எதிராகக் குறுக்குவில்லாரையும் வில்லாரையும் ஏவுவதைத் தடை செய்த செய்தியை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இவை போரைப் பற்றியவை. வேட்டைக்கு அடிப்படை, அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களின் ஹதீஸ். மிஃராள் எனும் எறிகோலால் வீழ்ந்த பிராணியைப் பற்றி அவர்கள் வினவினார்கள். அதன் கூர்முனை துளைத்திருந்தால் உண்ணலாம், அகலப் பக்கம் மோதிக் கொன்றிருந்தால் உண்ணலாகாது என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த விடையின் சாரம். பின்னது, அல்மாயிதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனம் விலக்கிய 'அடிபட்டுச் செத்தது' என்னும் வகையில் சேரும். களிமண் உருண்டையை எய்யும் உண்டைவில்லால் செத்த பறவையை இப்னு உமர் (ரலி) அவர்களும் இவ்வகையிலேயே சேர்த்தார்கள்.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் அமெரிக்கரின் வழக்கு தலைகீழாகிறது. எய்தது எந்த வில் என்பதன்று கேள்வி. அம்பின் தலையில் என்ன இருந்தது என்பதே. அலகு வைத்த குறுக்குவில் அம்பு வெட்டிக் கொல்கிறது, அது ஆகும். சிறு பிராணிகளுக்கென மொட்டைத் தலை வைத்த அம்பைத் தூய மரபுக் கைவில்லிலிருந்தே எய்தாலும், உயிரோடு பிடித்து அறுக்காதவரை அது ஆகாது. இறைநாமம் சொல்லும் நேரமும் கவனிக்கத்தக்கது. வேட்டையில் அது எய்யும் கணத்துக்குரியது. விடியலில் நாணேற்றும்போது 'பிஸ்மில்லாஹ்' சொன்னவன், விசையை அழுத்தும்போதும் சொல்ல வேண்டும். ஹனஃபீகளிடம் இது கட்டாயம், ஷாஃபிஈகளிடம் ஸுன்னத்.

அப்படியாயின் எதிர்ப்போரின் கவலை முற்றிலும் வீணா? அல்ல. எளிமையைக் குற்றமாக்கும் வாதத்தை நாம் ஏற்கவில்லை, கடினமே அறமாகிவிடாது. ஒரு பருவத்தில் எத்தனை மான் வீழலாம் என்பது எண்ணிக்கைக்கு வரம்பிட்டுத் தீர்க்க வேண்டிய ஆட்சிப் பிரச்சினை. அதை வில்லின் கற்பு பற்றிய பிரச்சினையாக்க வேண்டியதில்லை. ஆனால் தொலைநோக்கி பொருத்திய குறுக்குவில், கைவில்லாளன் நினைத்தும் பாராத தொலைவுக்கு ஆசை காட்டுகிறது. அறுப்பதிலும் அழகைப் பேணுமாறும் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு நோவைக் குறைக்குமாறும் ஏவும் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்களின் ஹதீஸ் நேராகத் தொடுவது இந்த இடத்தைத்தான்.

நொடிக்கு 350 அடி வேகத்தில் பாயும் அம்பு 100 கெஜம் கடக்க ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். நாண் அதிரும் ஓசையோ அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் மானின் காதை எட்டிவிடும். மான் துள்ளித் திரும்ப அது போதும். நெஞ்சைக் குறித்த அம்பு வயிற்றில் தைக்கும். விலங்கு காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அதீ (ரலி) அவர்களின் ஹதீஸ் இந்த நிலைக்கும் விடை வைத்திருக்கிறது. ஓரிரு நாள் கழித்துக் கண்டெடுத்த பிராணியில் தன் அம்பின் தடம் மட்டுமே இருந்தால் உண்ணலாம். தண்ணீரில் விழுந்து கிடந்தால், கொன்றது அம்பா நீரா எனத் தெரியாததால், விட்டுவிட வேண்டும்.