அபாயமணியும் செப்புக் கம்பியும்

இலண்டன் மாநகரின் ஹரோப் பகுதியில் வசிக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 81. மகன் வேலைக்குப் போனபின் பகற்பொழுதில் அவர் தனியே இருப்பார். அதனால் கழுத்தில் ஒரு பொத்தான் கட்டிவிட்டிருக்கிறார்கள். அதை அழுத்தினால் நடையிலுள்ள சிறு பெட்டி தொலைபேசி வழியே கண்காணிப்பு நிலையத்தை அழைக்கும். உடனே அங்கிருந்து ஒரு குரல், "என்ன உதவி வேண்டும்?" என்று பெட்டியினூடாகக் கேட்கும்.

சென்ற குளிர்காலத்தில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பொத்தானை ஒரு தரமல்ல, பல தரம் அழுத்தினார். எந்தக் குரலும் வரவில்லை. மாலையில் மகன் வந்து கதவைத் திறக்கும்வரை நாலு மணித்தியாலம் குளிர்ந்த தரையிலேயே கிடந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்ததோடு ஆபத்து நீங்கியது நாம் செய்த பாக்கியம்.

காரணம் பின்னர் தெரிந்தது. மூன்று வாரங்களுக்கு முன் தொலைபேசிக் கம்பனியார் அவ்வீட்டின் இணைப்பைப் பழைய செப்புக் கம்பியிலிருந்து இணைய வழிக்கு மாற்றியிருந்தனர். தொலைபேசியை ரவுட்டரில் செருகினார்கள். அது நன்றாகவே பேசிற்று. ஆனால் நடையிலிருந்த பெட்டியோ சுவரின் பழைய துவாரத்திலேயே, உயிரற்ற கம்பியோடு, இருந்துவிட்டது. இடைக்கிடை அது கீச்சிட்டதாம். "புதுப் பெட்டிதான் கத்துதாக்கும் எண்டு இருந்திட்டன் தம்பி" என்றார் பெரியம்மா.

இது ஒரு வீட்டின் கதையன்று. பிரித்தானியா முழுவதிலும் பழைய தொலைபேசி முறைக்கு முடிவு காணப்படுகிறது. 2023 செப்டெம்பர் முதல் அம்முறையில் புதிய இணைப்புகள் விற்கப்படுவதில்லை. 2025 டிசம்பரில் யாவும் நிறுத்தப்படும் என்று முதலிலே கூறினர். 2024 மே மாதத்தில் அந்நாளை 2027 ஜனவரி இறுதிக்குத் தள்ளிவைத்தனர். பெரியம்மாவைப்போல் இத்தகைய பொத்தானை நம்பியிருப்போர் அந்நாட்டில் ஏறத்தாழ 18 இலட்சம் பேர். இவர்களுக்கு நேர்ந்த பாரதூரமான விபத்துகள் வெளிவந்ததன் பயனாக 2023 டிசம்பரில் பெரிய கம்பனிகள் அரசாங்கத்தோடு ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டு, விருப்பமில்லாதோரை மாற்றும் வேலையைச் சிறிது காலம் நிறுத்திவைத்தன.

பழைய செப்புக் கம்பியில் அப்படி என்ன மகிமை? மின்சாரம் நின்ற வேளையிலும் தொலைபேசி பேசுவது எப்படி என்று என் வகுப்பு மாணவர் கேட்பதுண்டு. தொலைபேசி நிலையத்திலுள்ள பெரிய பற்றரிகளிலிருந்து சுமார் 50 வோல்ற்று மின் எந்நேரமும் அக்கம்பி வழியே வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். வீட்டு விளக்கு அணைந்தாலும் கம்பி அணையாது. கள்வருக்கும் நெருப்புக்கும் காவலாக அமைத்த அபாயமணிகள் அக்கம்பியை நம்பியது அதனாலேதான். உண்மையில் இவ்வுறவு தொலைபேசியின் பிறப்போடு தொடங்கியது. 1877 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஹோம்ஸ் என்பவர், வங்கிகளுக்குத் தாம் இழுத்திருந்த அபாயமணிக் கம்பிகளிலே தொலைபேசிகளை இணைத்தார். பகலில் பேச்சு, இரவில் காவல். அன்று மணியின் கம்பியில் தொலைபேசி குடிபுகுந்தது. பிறகு தொலைபேசியின் கம்பியில் மணி குடியிருந்தது. இப்போது அந்த வீடே இடிக்கப்படுகிறது.

புதிய கண்ணாடியிழை மின்னைச் சுமக்காது. வீட்டில் மின்சாரம் நின்றால் ரவுட்டரும் நின்றுவிடும். அபாயமணிப் பெட்டிக்குள் ஒரு பற்றரி உண்டு. சாதாரண வீட்டு அமைப்புகளில் அது 12 மணித்தியாலம் தாங்கவேண்டும் என்பது ஐரோப்பிய நியமம். பன்னிரண்டு மணித்தியாலம் விழித்திருக்கும் காவற்காரனிடம், ஒரு கணத்தில் செத்துப்போகும் தூதனைக் கொடுத்தது போலாயிற்று! 2022 இல் ஒரே நாளில் 13 மணித்தியால மின்வெட்டையும் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. தரைவழித் தொலைபேசியையே நம்பியிருப்போர் மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணித்தியாலமாவது அவசர அழைப்பு எடுக்க வழி செய்யவேண்டுமென்று அங்குள்ள ஒழுங்குபடுத்தும் சபை பணித்திருக்கிறது. ஒரு மணித்தியாலம் போதுமா என்பது வேறு கேள்வி.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய அபாயமணிப் பெட்டிகள் பேசுவது மனித மொழியன்று, நாதங்களாலான ஒரு குறிமொழி. கண்காணிப்பு நிலையத்திலிருந்து ஒரு நாதம் வரக் காத்திருந்து, தன் செய்தியைச் சில விநாடிகளில் நாதங்களாகவே அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமான நாதத்தைக் கேட்ட பின்பே ஓயும். இணைய வழியோ குரலை ஒரு விநாடியின் ஐம்பதிலொரு பங்கு அளவான துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. மனிதர் பேச்சில் ஒரு துண்டு தவறினால் காது அதை இட்டு நிரப்பிக்கொள்ளும். யந்திரத்துக்கு அந்தக் கருணை இல்லை. இன்று சோதித்தபோது சரியாகப் போன செய்தி, நாளை இணையம் நெருக்கடியாகும் வேளையில் போகாமலும் விடலாம்.

என் கருத்தில் மிகப் பொல்லாதது இதுதான்: கள்வர் வந்தால் சுவரிலுள்ள மணி முன்போலவே ஊரைக் கூட்டும். செய்தி வெளியே போகவில்லை என்பதை வீட்டுக்காரர் அறியமாட்டார். கம்பியில் மின் இருக்கிறதா என்று பார்த்தே பல பெட்டிகள் இணைப்பு உயிரோடிருப்பதை நிச்சயிக்கின்றன. ரவுட்டரோ, வெளியிலே இணையம் அறுந்தாலும், தன் தொலைபேசித் துவாரத்தில் மின்னைக் கொடுத்துக்கொண்டே இருக்கக்கூடும். பெட்டியும் ஏமாந்து நிம்மதியாக இருக்கும்.

ஆகவே ஆயத்தம் எதுவெனில், இணைப்பை மாற்ற வருபவரிடம், "இவ்வீட்டில் அபாயமணி உண்டு" என்று முன்கூட்டியே சொல்லுதல். மணியை அமைத்தவரை அழைத்து அதனைப் புதிய முறைக்கு மாற்றுவித்தல். இன்று பொருத்தப்படும் பெட்டிகளிற் பல இரு வழி உடையன: ஒன்று இணையம், மற்றது கைத்தொலைபேசிச் சிம். ஒன்று தவறின் மற்றது பேசும். கண்காணிப்பு நிலையமும் அடிக்கடி பெட்டியைக் கூப்பிட்டு, பதில் வராவிட்டால் தானே அறிந்துகொள்ளும். சிம் விஷயத்திலும் விழிப்பு வேண்டும். பிரித்தானியாவில் 3ஜி சேவை ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டது. 2ஜியும் 2033 அளவில் மறையவிருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய சாதனத்தை வாங்குவோர் மறுபடியும் இதே கதைக்கு ஆளாவர். மாடிக் கட்டிடங்களில் மின்னுயர்த்திக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசியையும் மறந்துவிடலாகாது.

பெரியம்மாவின் வீட்டில் இப்போது சிம் பொருத்திய புதுப் பெட்டி இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் தேநீர் குடித்தபின் அவர் பொத்தானை அழுத்துவார். மறுமுனையில் பேசும் பெண்ணிடம், "சும்மாதான் பிள்ளை, நீங்கள் இருக்கிறியளோ எண்டு பார்த்தனான்" என்று ஆங்கிலத்தில் தமக்குத் தெரிந்த மட்டில் சொல்லுவாராம். அந்தப் பெண்ணும் வெகு மரியாதையாக, தான் இருப்பதாகப் பதிலளிப்பாளாம்.