செஞ்சோற்றுக் கடன் தீர்த்த தளபதி

கோல்கொண்டா செல்லும் நம்மவர் பலர் 'பதே தர்வாஜா'வைக் கடந்திருப்பார்கள். 'வெற்றி வாசல்' என்று பொருள். வென்றவர் ஔரங்கசீப். ஆனால் கோட்டைக் கதவைத் திறந்தது வாள் அல்ல; பொன்!

1687-ல் எட்டு மாதம் முற்றுகையிட்டும் கோட்டை பணியவில்லை. உள்ளிருந்த தளபதிகளுக்கு ஆசை காட்டப்பட்டது. பலர் விலை போயினர். அப்துல் ரசாக் லாரிக்கும் பெரும் பதவி தருவதாகக் கடிதம் வந்தது. கொத்தளத்தில் நின்று, வீரர்கள் காண அதைக் கிழித்தெறிந்தார் அவர்.

ஓரிரவு அப்துல்லா கான் பானி கதவைத் திறந்துவிட்டான். முகலாயப் படை புகுந்தது. லாரி சேணமற்ற குதிரையில் தாவி, ஒரு சிலருடன் எதிர்த்துப் பாய்ந்தார். உடலில் சுமார் 70 காயங்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் காபி கான்.

கிரேக்கப் புராணத்தில், மன்னன் மாண்டால் நாடு பிழைக்கும் என்ற குறி கேட்டு, ஏதென்ஸ் வேந்தன் கோட்ரஸ் மாறுவேடத்தில் சென்று பகைவர் கையால் மடிந்தான், நாடு பிழைத்தது. இங்கோ நாடு வீழ்ந்தது. மன்னர் தானாஷா சிறை சென்றார். குற்றுயிராய்க் கிடந்த லாரி பிழைத்தார். வைத்தியர்களை அனுப்பிக் காத்தவர், பகைவரான ஔரங்கசீப்பேதான்!

பலன் கிட்டாத தியாகம்தான். ஆயினும், உண்ட சோற்றை மறவாதவனைப் பகைவனும் மதிப்பான் என்பதற்கு லாரியே சாட்சி.