உங்களுக்குத் தெரியுமா? பேழையில் வந்த அரசி

மட்டக்களப்பின் ஆதி அரசியரில் ஒருத்தி கடலில் மிதந்து வந்தவள்! ஆடகசவுந்தரி கலிங்க தேசத்து அரசன் மகள். ‘இந்தப் பிள்ளையால் நாட்டுக்குக் கேடு’ என்று சோதிடர் சொன்னார்களாம். உடனே குழந்தையைப் பேழைக்குள் வைத்துக் கடலில் விட்டுவிட்டார்கள். அலை அதை ஈழக் கரையில் சேர்த்தது. வளர்ந்து உன்னாசகிரியில் அரசாண்ட அவள், கோணேசர் கோயில் திருப்பணி செய்த குளக்கோட்டனை முதலில் எதிர்த்து, பிறகு அவனையே மணந்தாள் என்கிறது கதை.

திபெத்தின் முதல் மன்னன் ஞாத்ரி சென்போ பற்றியும் ஏறக்குறைய இதே கதை உண்டு. இந்திய அரச குடும்பத்தில் விநோத அடையாளங்களோடு பிறந்த அவனைச் செப்புப் பெட்டியில் வைத்துக் கங்கையில் விட்டார்கள். ஒரு விவசாயி எடுத்து வளர்த்தான். ஞாத்ரி சென்போ வானத்திலிருந்தே இறங்கி வந்தான் என்பது அதற்கும் பழைய கதை. மகாபாரதக் கர்ணனும் பெட்டியில் மிதந்தவன்தானே!

மட்டக்களப்புக்கு இன்னொரு கலிங்க இளவரசியும் உண்டு: உலகநாச்சி. புத்தரின் தந்தத்தைக் கூந்தலுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து அனுராதபுர மன்னன் மேகவர்ணனிடம் கொடுத்து, பதிலுக்கு நிலம் பெற்றாளாம். தந்தம் வந்த கதையைப் பாளி நூலான தாதாவம்சமும் சொல்கிறது. அங்கே இளவரசியின் பெயர் ஹேமமாலா. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலின் தொடக்கத்தையும் உலகநாச்சியோடு சேர்த்தே சொல்வார்கள்.

இவை வரலாறு அல்ல, ஐதீகங்கள். படிக்க விரும்பினால், எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ நூலைத் தேடுங்கள்.