இரு கைப் பந்தெறிபவர்

பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவரும் மட்டையாளரும் வலக்கையரா, இடக்கையரா என்பது ஏன் முக்கியம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

வலக்கையர் எறியும் வளைபந்து பொதுவாக அவருடைய இடப்பக்கமாக வளையும். ஆகவே அது வலக்கை மட்டையாளரை விட்டு விலகிச் செல்லும். இடக்கை மட்டையாளரை நோக்கி வரும். விலகிச் செல்லும் பந்தை அடிப்பது கடினம். எனவே ஒரே கைப் பழக்கம் உடையவர்கள் எதிர்ப்பட்டால் எறிபவருக்கே ஆதாயம், மாறுபட்டால் அடிப்பவருக்கு. இதனால்தான் சில மட்டையாளர்கள் இருபுறமும் நின்று அடிக்கப் பழகுகிறார்கள்.

எறிபவரும் இரு கையரானால்?

2008 ஜூனில் அமெரிக்காவின் சிறு லீக் ஆட்டமொன்றில் இது நேர்ந்தது. பாட் வெண்டிட் இரு கைகளாலும் எறிய வல்லவர். இரு கைகளுக்கும் பொருந்த, இரண்டு கட்டைவிரல் கொண்ட ஆறு விரல் கையுறை அணிந்தவர். எதிரே வந்தவரோ இருபுறமும் அடிப்பவர். இவர் கையுறையை மாற்ற, அவர் பக்கம் மாறினார். அவர் மாற, இவரும் மாற்றினார். ஆட்டம் நின்றது! மட்டையாளரே முதலில் பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றனர் நடுவர்கள். அவர் வலப்புறம் நின்றார். வெண்டிட் வலக்கையால் எறிந்து அவரை வீழ்த்தினார்.

இரண்டாவதாகத் தேர்ந்தெடுப்பவருக்கே ஆதாயம் என்பது விளங்குகிறதல்லவா? பின்னர் வந்த விதி இதைத் தலைகீழாக்கியது. எறிபவரே முதலில் கையை அறிவிக்க வேண்டும். காயம்பட்டாலன்றி, அந்த மட்டையாளர் நிற்கும்வரை கையை மாற்றக்கூடாது. வெண்டிட் 2015இல் ஓக்லண்ட் அணியில் பெரிய லீக்கை எட்டியபோது இவ்விதி நடைமுறையில் இருந்தது.

இருபுறமும் அடிப்பவரிடம் இரு கை எறிபவரின் இரண்டாவது கை இன்று பெரிதாகப் பயன் தருவதில்லை. ஒரே பக்கம் மட்டும் அடிக்கத் தெரிந்தவரிடம்தான் அது முக்கியமாக வேலை செய்கிறது.