மனிதனுக்குத் தெரியும், மானுக்குத் தெரியாது

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியிலுள்ள பென்சில்வேனியா மாநிலத்தில், ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாத இறுதியில் ரைபிள் கொண்டு மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. முதல் நாள் பொழுது விடியுமுன்பே பல இலட்சம் பேர் காடுகளுக்குள் நுழைந்து விடுகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் துப்பாக்கி. புதருக்கு அப்பால் அசைவது மானா, மற்றொரு மனிதரா? தவறாக விடை கண்டால் ஓர் உயிர் போய்விடும். எனவே வேட்டைக்காரர் மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணில் பட்டாக வேண்டும். ஆனால் மானின் கண்ணில் படக் கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளையும் ஒரே சட்டை நிறைவு செய்கிறது. அதன் நிறம் ஆரஞ்சு. இது எவ்வாறு இயலும் என்பதைக் காண்போம்.

கூட்டம் ஏன்?

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. 1900ஆம் ஆண்டு வாக்கில் அங்கு வெண்வால் மான்கள் ஏறத்தாழ 5 இலட்சமாகக் குறைந்துவிட்டன என்று மதிப்பிடுவர். காட்டு வான்கோழி பல மாநிலங்களில் அடியோடு அழிந்து போயிற்று. பின்னர் பருவம், எண்ணிக்கை, உரிமச் சீட்டு என்ற கட்டுப்பாடுகள் வந்தன. 1937இல் இயற்றப்பட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான வரியை வனவிலங்குப் பணிக்கென ஒதுக்கியது. இன்று அங்கு மான்கள் சுமார் 3 கோடி. காட்டு வான்கோழிகள் சுமார் 60 இலட்சம்.

ஆனால் வேட்டையாட நிலம் வேண்டுமே! அரசுக்குச் சொந்தமான நிலத்தின் பெரும்பகுதி மேற்கு மாநிலங்களில் உள்ளது. மக்கள் நெருங்கி வாழும் கிழக்கில் அது குறைவு. பென்சில்வேனியா 1920 முதல் வேட்டை நிலங்களை விலைக்கு வாங்கத் தொடங்கியது. இன்று அவை ஏறத்தாழ 15 இலட்சம் ஏக்கர். சொந்த நிலமில்லாத எளிய மனிதரும் வேட்டையாட முடிவது இவற்றால்தான். கூட்டம் சேர்வதும் இதனால்தான்.

குண்டு எங்கே போய் நிற்கும்?

மான் வேட்டைக்குப் பயன்படும் ஒரு ரைபிளின் குண்டு ஏறத்தாழ 10 கிராம் எடையுள்ளது. அது வினாடிக்குச் சுமார் 850 மீட்டர் வேகத்தில், அதாவது ஒலியைப் போல் இரண்டரை மடங்கு வேகத்தில் வெளியேறுகிறது. காற்றே இல்லையென்றால், 45 பாகைக் கோணத்தில் சுடப்படும் இக்குண்டு 70 கிலோமீட்டருக்கு மேல் செல்லும். காற்றின் தடையால் அது சுமார் 5 கிலோமீட்டராகக் குறைகிறது. அதுவும் சிறிய தூரமன்று.

இனி, தரைக்கு இணையாகச் சுடுவதாகக் கொள்வோம். துப்பாக்கி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், குண்டு தரையைத் தொட அரை வினாடிக்குச் சற்று மேலாகும். அதற்குள் அது 400 மீட்டருக்கு மேல் பறந்திருக்கும். மரங்கள் அடர்ந்த காட்டில் அவ்வளவு தூரம் எவர் கண்ணுக்குத் தெரியும்? மானுக்குப் பின்னால் மண்மேடு இருந்தால் மட்டுமே சுட வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் கற்பிப்பது இதனால்தான்.

மரத்தில் பரண் கட்டி அமர்ந்திருப்பவர் நிலை வேறு. துப்பாக்கி முனை 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மான் 50 மீட்டர் தொலைவில் நிற்கிறது. குறி வைக்கும் இடம் தரையிலிருந்து 1 மீட்டர். 50 மீட்டரில் 5 மீட்டர் இறங்கும் குண்டு, மானைத் தாண்டினாலும் அடுத்த 10 மீட்டருக்குள் மண்ணில் புதைந்துவிடும். ஆனால் பரணுக்கும் ஓர் ஆபத்து உண்டு. 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுவார். அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கு நேரும் காயங்களில் பரணிலிருந்து விழுவதால் உண்டாவன மிகுதி. எனவே உடல் முழுதும் சுற்றிய பாதுகாப்பு வார் இன்றி ஏறலாகாது.

வாங்கியதைவிட மிகுதியாகத் தரும் துணி

மனிதக் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள்-பச்சை ஒளியை மிக நன்றாக உணர்கிறது. அப்படியானால் மஞ்சள் சட்டை போதாதா? போதாது. இலையுதிர் காலத்தில் அங்குள்ள காடுகளே மஞ்சளாகி விடும். சிவப்போ மங்கிய ஒளியில் கறுத்துத் தோன்றும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ஆரஞ்சு.

சாதாரண ஆரஞ்சுச் சாயம் தன்மேல் விழும் ஒளியில் ஆரஞ்சுப் பகுதியைத் திருப்பி அனுப்பி, மற்றவற்றை விழுங்கி வெப்பமாக்கிவிடும். வேட்டைச் சட்டையின் சாயம் அவ்வாறு செய்வதில்லை. அது புற ஊதா, நீலம், பச்சை ஆகிய குற்றலை ஒளியை விழுங்கி, அந்த ஆற்றலின் ஒரு பகுதியை ஆரஞ்சு ஒளியாகவே உடனே வெளியிடுகிறது. இதுவே உடனொளிர்தல். திரும்பி வந்த ஆரஞ்சுடன் புதிதாகப் பிறந்த ஆரஞ்சும் சேர்வதால், துணியின்மேல் விழுந்த ஆரஞ்சு ஒளியைவிட வெளிவரும் ஆரஞ்சு ஒளி மிகுதியாக இருக்கலாம். ஆற்றல் அழியாமை விதி இங்கு மீறப்படவில்லை. நீலக் கணக்கிலிருந்து எடுத்து ஆரஞ்சுக் கணக்கில் வரவு வைக்கிறோம், அவ்வளவே. காடெங்கும் நிழல் கவிந்திருக்கும்போது இச்சட்டை மட்டும் தானே எரிவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

பல மாநிலச் சட்டங்கள் இதற்கு அளவே வகுத்துள்ளன: நிறத்தின் முதன்மை அலைநீளம் 595 முதல் 605 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் ரைபிள் கொண்டு மான் வேட்டையாடுபவர் தலை, மார்பு, முதுகு மூன்றிலும் சேர்த்து 250 சதுர அங்குலமாவது இந்நிறம் அணிய வேண்டும். எத்திசையிலிருந்து நோக்கினாலும் அது தெரிய வேண்டும்.

மானின் கண்

நம் விழித்திரையில் மூவகைக் கூம்புச் செல்கள் உள்ளன. மானுக்கு இருவகையே. 1990களில் வெண்வால் மான்களின் கண்களை மின்முறையில் அளந்த அமெரிக்க ஆய்வாளர்கள், ஒருவகைக் கூம்பு 450-460 நானோமீட்டரிலும், மற்றொன்று 537 நானோமீட்டரிலும் மிகுதியாகத் தூண்டப்படுவதைக் கண்டனர். 600 நானோமீட்டர் ஒளி இவ்விரண்டுக்கும் எட்டத்தில் இருக்கிறது. மேலும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய உதவும் மூன்றாம் கூம்பு மானுக்கு இல்லை. எனவே நமக்குத் தீப்பிழம்பாகத் தெரியும் சட்டை, மானுக்கு இலைதழைகளிலிருந்து நிறத்தால் வேறுபடாத ஒன்றாகவே தெரியும்.

ஆனால் மானை ஏமாற்றிவிட்டோம் என்று மகிழ்வதற்கில்லை. அது அசைவை நன்கு காணும். மங்கிய ஒளியில் நம்மைவிட நன்றாகப் பார்க்கும். மோப்பமும் மிகக் கூர்மை. மேலும் மானின் கண் வில்லை புற ஊதாக் கதிர்களை நம் வில்லையைப்போல் தடுப்பதில்லை. துணிக்கு வெண்மையூட்டும் பொருள் கலந்த சலவைத்தூள், புற ஊதாவை நீல ஒளியாக மாற்றும். நீலமோ மானுக்கு நன்றாகத் தெரியும் நிறம்! சட்டையின் ஆரஞ்சு காட்டிக் கொடுக்காததைச் சலவைத்தூள் காட்டிக் கொடுத்துவிடும்.

வான்கோழியிடம் இது செல்லாது

பறவைகளின் கண்ணில் நிறம் காண நால்வகைக் கூம்புகள் உண்டு. வான்கோழி நம்மைவிட நன்றாக நிறங்களைப் பிரித்தறியும். ஆகவே வசந்த கால வான்கோழி வேட்டையில் பலரும் ஆரஞ்சை விடுத்து, காட்டின் நிறத்தில் உடுத்து, பேட்டின் குரலைப் போலக் குரல் எழுப்பிச் சேவலை வரவழைக்கிறார்கள்.

ஆபத்து இங்குதான் பெரிது. மறைந்திருக்கும் ஒருவர் எழுப்பும் குரலைக் கேட்டு, மறைந்து வரும் மற்றொருவர் அதை மெய்யான பறவை என்று நம்பிவிடலாம். சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உண்டு. எனவே அந்நிறத்தில் கைக்குட்டைகூட வைத்துக் கொள்ளலாகாது. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். வேறொருவர் வருவதைக் கண்டால் கையசைக்கக் கூடாது. பறவைக் குரலும் எழுப்பக் கூடாது. உரக்கப் பேச வேண்டும். பேச்சு ஒன்றே தவறாகப் பொருள்படாத அடையாளம். குரல் வந்த திசையை நோக்கிப் பதுங்கிச் செல்வதைப் பென்சில்வேனியா சட்டம் தடை செய்கிறது. அங்கு வசந்தத்தில் ரைபிளுக்கும் இடமில்லை. பல சிறு ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கியே வழக்கம். அதன் ரவைகள் சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும்.

ஆக, மானின் கண்ணில் ஒருவகைக் கூம்பு குறைந்திருப்பது மனிதர் உயிரைக் காக்க உதவுகிறது. வான்கோழியின் கண்ணில் ஒருவகை கூடியிருப்பது அந்தக் காப்பைப் பறித்துவிடுகிறது. அங்கே எஞ்சியிருப்பது ஒன்றே: இன்னதென்று முழுமையாகக் கண்டறியும்வரை விசையில் விரல் வைக்காத பொறுமை. நம் ஊரில் இருப்புப்பாதையைச் செப்பனிடும் தொழிலாளர்கள் ஆரஞ்சுச் சட்டை அணிந்திருப்பதை அடுத்த முறை காணும்போது, நீல ஒளியை வாங்கி ஆரஞ்சாகத் திருப்பித் தரும் அந்தச் சாயத்தை நினைத்துக் கொள்ளுங்கள்.