பூச்சி மருந்து டப்பாவில் இருக்கும் கலர் முக்கோணம் மண்புழுவைப் பற்றி ஏன் எதுவும் சொல்வதில்லை?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஓர் உரக்கடைக்குள் நுழைந்து எந்த மருந்து டப்பாவை எடுத்தாலும் ஒரு கலர் முக்கோணம் கண்ணில் படும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நாலு கலர். சிவப்பு என்றால் கொடிய விஷம், பச்சை என்றால் கொஞ்சம் நிம்மதி. விவசாயிகள் பலரும் இப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் யாருக்கு விஷம், யாருக்கு நிம்மதி?

அந்தக் கலரை முடிவு செய்வது முக்கியமாக எலிச் சோதனை. வாய் வழியாகக் கொடுத்தாலோ தோலில் பட்டாலோ, எவ்வளவு மருந்தில் பாதி எலிகள் சாகின்றன என்ற கணக்கு அது. வாய்வழிக் கணக்கில், கிலோ உடல் எடைக்கு 50 மில்லிகிராம் வரை என்றால் சிவப்பு, 5,000-ஐத் தாண்டினால் பச்சை. மருந்து தெளிப்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அது அவசியம்தான். அந்த மருந்து இறங்கும் மண்ணுக்குள் இருக்கும் உயிருக்கு இந்தக் கலர் பொருந்துமா என்றால், பொருந்தாது.

கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியையே எடுத்துக்கொள்ளலாம். மாம்பழத்தில் வரும் கரும்புள்ளி நோய்க்குத் தெளிப்பது இது. விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 2 கிராம் கலப்பதும் இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சப்பட்டை மாம்பழம் விளையும் ராஜபாளையத்துத் தோப்புக்காரர்களுக்குப் பழகிய பெயர். எலிக்கு இதை 5,000 மி.கி.க்கு மேல் கொடுத்தும் சாகவில்லை. மண்புழுவுக்கோ, ஒரு கிலோ மண்ணில் 6 மி.கி.க்கும் குறைவாக இருந்தாலே பாதிப் புழுக்கள் செத்துப்போவதாகப் பதிவாகியுள்ளது.

இவ்வளவு வித்தியாசம் எப்படி? பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை ஞாபகம் இருக்கிறதா? கார்பென்டாசிமும் அதே பென்சிமிடசோல் குடும்பம். வயிற்றில் இருக்கும் புழுவைக் கொல்லும் மருந்தின் பங்காளி, மண்ணில் இருக்கும் புழுவை மட்டும் சும்மா விடுமா என்ன?

சரி, இந்த '6 மி.கி.' கணக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பாட்டிலுக்குள் 14 நாள்

ஓ.இ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு 1984 ஏப்ரலில் வெளியிட்ட 207-ஆம் எண் வழிகாட்டிதான் இந்தச் சோதனையின் அடிப்படை. இதில் இரண்டு கட்டம். முதலாவது ஒரு விரைவுச் சோதனை. சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் மருந்தில் நனைத்த வடிதாளை வைத்து, குப்பிக்கு ஒரு புழு வீதம் 48 மணி நேரம் இருட்டில் விட்டுப் பார்ப்பது. எந்த வேதிப்பொருள் அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும் என்று சலித்தெடுக்க இது போதும். அதற்கு மேல் இதை நம்ப முடியாது. புழு வாழ்வது காகிதத்தில் இல்லையே.

உண்மையான தேர்வு மண்ணில்தான் நடக்கும். அதுவும் வயலில் அள்ளிய மண் இல்லை, கலந்து செய்த மண். 70 சதவீதம் மெல்லிய மணல், 20 சதவீதம் கயோலின் எனும் வெள்ளைக் களிமண், 10 சதவீதம் பீட். பீட் என்பது குளிர் நாட்டுச் சதுப்புகளில் பாசி மட்கி உருவாவது. உலகின் எந்த ஆய்வகத்தில் செய்தாலும் விடை ஒப்பிடக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதற்காக இந்த ஃபார்முலா. காரத்தன்மையை 6-ஐ ஒட்டி வைத்து, அளவாகத் தண்ணீர் சேர்த்து, மருந்தைக் கலக்கிறார்கள். ஒரு லிட்டர் அளவுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் முக்கால் கிலோ ஈரமண், அதில் பத்துப் புழுக்கள். ஒவ்வொரு மருந்து அளவுக்கும் இப்படி நாலு பாத்திரம். மருந்தே கலக்காத பாத்திரங்களும் கூடவே உண்டு.

புழுவைத் தேர்ந்தெடுக்கவும் விதி இருக்கிறது. முதிர்ந்த புழுவாக, அதாவது உடலில் பட்டை போன்ற தடித்த வளையம் தெரிவதாக இருக்கவேண்டும். எடை 300 முதல் 600 மி.கி. அறையில் 20 டிகிரி வெப்பம், விளக்கு அணையவே அணையாது. வெளிச்சம் பிடிக்காத புழு மேலே வராமல் மருந்து கலந்த மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும் என்பதுதான் காரணம். கொஞ்சம் கொடூரமாகத் தெரியலாம்.

7-ஆம் நாளும் 14-ஆம் நாளும் மண்ணைக் கொட்டிப் புழுக்களை எண்ணுவார்கள். செத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? தலைப்பக்கம் லேசாகத் தொட்டுப் பார்ப்பார்கள். அசைவே இல்லையென்றால் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அவ்வளவுதான். மருந்து கலக்காத பாத்திரங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் இறந்திருந்தால் சோதனையே செல்லாது.

பாதிப் புழுக்கள் இறக்கும் அளவுக்குத்தான் எல்.சி. 50 என்று பெயர். இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: எண் பெரிதாக இருந்தால் விஷம் குறைவு, சிறிதாக இருந்தால் விஷம் அதிகம்.

ஒரே மருந்து, ஒரே தோப்பு, இரண்டு கணக்கு

எல்.சி. 50 தெரிந்தால் மட்டும் போதாது, நம் மண்ணில் எவ்வளவு மருந்து இறங்குகிறது என்பதும் தெரியவேண்டும். ஒரு ஏக்கரில் மேல்மண் 5 செ.மீ. ஆழத்துக்குச் சுமார் 300 டன் தேறும். 400 கிராம் மூல மருந்து அதில் சீராகப் பரவினால் கிலோ மண்ணுக்கு 1.3 மி.கி. வரும். எல்.சி. 50 ஆறு என்றால் 'தப்பித்தோம்' என்று தோன்றும்.

அதையே ஒரு தென்னை மரத்தின் வட்டப்பாத்திக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.8 மீட்டர் ஆரமுள்ள பாத்தியில் அதே 5 செ.மீ. ஆழத்துக்குச் சுமார் 760 கிலோ மண்தான். உதாரணத்துக்கு, 10 கிராம் மூல மருந்தை அங்கே இட்டால் கிலோவுக்கு 13 மி.கி. பத்து மடங்கு! ஏக்கர் கணக்கில் பார்த்தால் சாதுவாகத் தெரியும் மருந்து, மரத்தடியில் புழுக்களின் சுடுகாடு ஆகிவிடலாம். ஐரோப்பாவில் எல்.சி. 50-க்கும் மண்ணில் எதிர்பார்க்கும் அளவுக்கும் இடையே குறைந்தது பத்து மடங்கு இடைவெளி கேட்டதற்கு இதுபோன்ற நிச்சயமின்மைதான் காரணம்.

அது நம்ம ஊர்ப் புழுவா?

இங்கதான் பெரிய சிக்கல். சோதனைக்கு எடுக்கும் புழு ஐசீனியா ஃபெடிடா. மண்புழு உரத் தொட்டிகளில் நெளியும் சிவப்புப் புழு இதுதான். சாணம், மட்கு, குப்பை என்று வாழும். வயல் மண்ணைத் துளைத்து ஆழத்துக்கும் மேலுக்கும் போய்வரும் ஜாதி இல்லை. ஆய்வகத்தில் வளர்ப்பது சுலபம், சீக்கிரம் பெருகும் என்பதால்தான் இதற்கு இந்த வேலை. தமிழ்நாட்டு வயல்களில் பரவலாகக் கிடைப்பது லாம்பிட்டோ மாரிட்டி என்ற இனம். சென்னை நியூ கல்லூரிப் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில் பல்லாண்டுகளாக வலியுறுத்தி வருவதும் இந்த உள்ளூர் இனங்களைத்தான்.

மண்ணும் நம் மண் இல்லை. பீட் போன்ற மட்குப்பொருள் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் புழுவின் மேல் படும் அளவு குறையும். மட்கு குறைந்த நம் செம்மண்ணிலும் கரிசலிலும் அந்தக் கேடயம் கிடையாது. எண்ணெயில் கரையும் தன்மையுள்ள மருந்துகளுக்கு ஐரோப்பாவில் எல்.சி. 50-ஐப் பாதியாக்கிக் கணக்கிட்டது இதற்காகத்தான். 20 டிகிரி என்பதும் நம் கோடைக்குச் சம்பந்தமில்லாத எண். வெப்பம் கூடினால் மருந்து வேகமாகச் சிதையும், புழுவும் வேகமாகத் தின்னும். எது ஜெயிக்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும்.

இதற்கு விடை தேடியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இலங்கை ருஹுண பல்கலைக்கழகத்தின் மங்கள டி சில்வா, நெதர்லாந்தின் வான் கெஸ்டலுடன் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பீட்டுக்குப் பதிலாக வெப்பநாடுகளில் கிடைக்கும் பொருள்களைச் சோதித்தார். உமி, மரத்தூள், தேங்காய் நார்த்தூள் மூன்றில் நார்த்தூள் நன்றாகப் பொருந்தியது. ஆசியப் புழுவான பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸிலும் அவர்கள் மருந்துகளைச் சோதித்தார்கள். தென்னைக்குப் பஞ்சமில்லாத விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரி ஆய்வகங்களுக்கு இதைவிட மலிவான மூலப்பொருள் கிடைக்காது.

சாகவில்லை என்றால் பாதுகாப்பா?

அமெரிக்காவில் 1950-களில் எல்ம் மரங்களுக்கு டி.டி.டி. அடித்தார்கள். உதிர்ந்த இலையைத் தின்ற மண்புழுக்கள் பெரும்பாலும் சாகவில்லை. அவற்றைத் தின்ற ராபின் பறவைகள் செத்து விழுந்தன. ராய் பார்க்கர் என்ற ஆய்வாளர் 1958-இல் இந்தச் சங்கிலியை விளக்கினார். பதினோரு பெரிய புழுக்களே ஒரு பறவையைக் கொல்லப் போதுமாக இருந்தது. 14 நாள் சோதனையில் அந்தப் புழு பாஸ்!

பருத்தி விதை நேர்த்தியில் பயன்படும் இமிடாகுளோபிரிட் இன்னொரு உதாரணம். எல்.சி. 50 கிலோவுக்கு 10 மி.கி.யை ஒட்டி. ஆனால் வேறு மண்புழு இனங்களில் 1 மி.கி.க்கும் குறைந்த அளவிலேயே மண்ணில் துளையிடுவது குறைந்துவிட்டது. புழு உயிரோடு இருக்கிறது, வேலைக்குத்தான் வரவில்லை. துளை இல்லையென்றால் ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும்.

அதனால்தான் 2004-இல் 222-ஆம் எண் வழிகாட்டி வந்தது. மொத்தம் 56 நாள்: நாலு வாரம் தாய்ப்புழுக்கள், அடுத்த நாலு வாரம் குஞ்சுகளின் எண்ணிக்கை. சோதனை சரியாக நடக்கிறதா என்று சரிபார்க்க அதில் பயன்படுத்தும் அளவுகோல் விஷம் எது தெரியுமா? அதே கார்பென்டாசிம். 2013-ஆம் ஆண்டு விதிகளோடு ஐரோப்பிய ஒன்றியம் மண்புழுவுக்கு 14 நாள் சாவுக் கணக்கைக் கட்டாயமாகக் கேட்பதை நிறுத்திவிட்டு, இனப்பெருக்கச் சோதனையைக் கேட்கிறது.

இந்தியாவில் 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் மருந்தைப் பதிவு செய்யும்போது மண்புழு நச்சுத்தன்மைத் தரவும் கேட்கப்படுகிறது. 2020 மே மாதம் மத்திய அரசு தடைசெய்ய முன்மொழிந்த 27 மருந்துகளில் கார்பென்டாசிமும் இருந்தது. 2023-இல் வந்த தடைப் பட்டியலில் அது இல்லை. மண்புழு எண்ணோ கோப்புக்குள் இருக்கிறது. கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பவருக்குத் தெரிவது முக்கோணம் மட்டும்தான்.

நீங்களே பார்க்க ஒரு வழி

ஆய்வகம் இல்லாமல் செய்யக்கூடியது தவிர்ப்புச் சோதனை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நடுவில் அட்டை வைத்துப் பிரித்து, ஒரு பக்கம் மருந்து அடித்த தோப்பு மண், மறுபக்கம் மருந்து படாத மண். அட்டையை எடுத்துவிட்டு நடுக்கோட்டில் பத்துப் புழுக்களை விட்டு, காற்று போக ஓட்டை போட்டு மூடி 48 மணி நேரம் வைக்கவேண்டும். பிறகு மறுபடி அட்டையைச் செருகி இரண்டு பக்கமும் எண்ணலாம். மருந்து மண்ணில் இருப்பவை 20 சதவீதத்துக்கும் குறைவு என்றால் அந்த மண் புழு வாழ லாயக்கில்லை என்பது ஐ.எஸ்.ஓ. தரத்தின் அளவுகோல். ஒரு டப்பாவை நம்பக்கூடாது, ஐந்தாவது வேண்டும்.

இரண்டு மண்ணும் ஒரே ரகமாக, ஒரே ஈரத்தில் இருக்கவேண்டும். செம்மண்ணுக்கு எதிரில் கரிசலை வைத்தால் புழு எதைப் பார்த்து ஓடியது என்றே தெரியாது. கைகளைக் கழுவ மறக்கவேண்டாம்.